கொக்கியின் சரித்திரம்

பள்ளிக்கூடத்தில் நான் இழந்த மார்க்குகளை யாராவது சேர்த்து வைத்திருந்தால் அதைக் கொண்டு இன்னும் இரண்டு பையன்கள் பரீட்சை தேறியிருப்பார்கள். அவற்றுக்காக நான் வருந்தியதில்லை. ஆனால் இங்கிலீஷ் டிக்டேஷனில் ஒரு முறை போன அரை மார்க் மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

வாத்தியார் ஒரு சின்னக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்று பையன்கள், ஒரு குளம், குளக்கரையில் ஒரு பெஞ்சு. பையன்கள் குளிக்க இறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய பைகள் பெஞ்சின்மேல் இருக்கின்றன. "பாய்ஸ் பேக்ஸ்" என்று அவர் சொன்னார். நானும் எழுதினேன். 'பாய்' என்ற சொல்லுக்கும் அதன் வாலில் வரும் 'எஸ்' எழுத்துக்கும் நடுவே, தலைக்கு மேல் தொங்கும் காற்புள்ளி போன்ற ஒரு குறியையும் மறக்காமல் போட்டேன். அதற்கு அபாஸ்டிரபி என்று பெயர். எங்கள் வாத்தியார் அதைக் 'கொக்கி' என்பார். நோட்டுப் புத்தகம் திரும்பி வந்தபோது அந்தக் கொக்கியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். ஓரத்தில் அரை மார்க் கழிவு.

"ஸார், நீங்கள் சொன்னபோது கொக்கி எங்கே இருக்கிறது என்று காதில் விழவில்லையே!" என்றேன்.

"கொக்கி காதில் விழாதுடா, புத்தியில் விழணும். குளத்துக்கு எத்தனை பேர் போனான்கள்?"

"மூணு பேர், ஸார்."

"நீ கொக்கியை எஸ்ஸுக்கு முன்னாலே போட்டு எல்லாப் பையையும் ஒருத்தனுக்கே கொடுத்துட்டியே! மத்த ரெண்டு பேரும் ஈரத் துணியோட வீட்டுக்குப் போறதா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்த இரண்டு பையன்கள் அன்று முதல் என்னை விட்டு அகலவில்லை. ஒரு சின்னக் கொக்கி ஓர் எழுத்துத் தள்ளி விழுந்ததால் சொத்தை இழந்தவர்கள் அவர்கள். அவர்களுக்காகத்தான் பிற்காலத்தில் கொக்கியின் சரித்திரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததில் இங்கே சொல்லத் தகுந்ததைச் சொல்கிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிட வேண்டும். உடைமை ஒருவனுடையதானால் கொக்கி எஸ்ஸுக்கு முன்னால் வரும். பலருடையதானால், பன்மைக்காக ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கும் எஸ்ஸுக்குப் பின்னால் வரும். 'மென்', 'விமென்', 'சில்ட்ரன்' போல எஸ் இல்லாமலே பன்மையாகும் சொற்களுக்கு மட்டும், பன்மையானாலும் கொக்கி முன்னால், எஸ் பின்னால். இவ்வளவுதான். இவ்வளவையும் தெரிந்துகொண்டவர்கள்கூடத் தடுமாறுவதற்குக் காரணம் காதுதான். பையன்கள், பையனுடைய, பையன்களுடைய ஆகிய மூன்றுக்கும் இங்கிலீஷில் 'பாய்ஸ்' என்ற ஒரே ஒலி. வித்தியாசம் முழுவதும் காகிதத்தில் இருக்கிறது.

நமக்கு இந்தச் சங்கடம் இல்லை. 'பையனின்' என்றால் ஒருவன். 'பையன்களின்' என்றால் பலர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் விளங்கும். இங்கிலீஷ்காரர்கள் மட்டும் ஏன் இப்படிக் காதை நம்பாமல் கண்ணை நம்பும்படி ஆயிற்று?

ஆதியில் அவர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். 9ஆம் நூற்றாண்டில் ஆல்பிரெட் அரசர் ஆண்ட காலத்து இங்கிலீஷில் கல்லுக்கு 'ஸ்டான்' என்று பெயர். 'ஸ்டானெஸ்' என்றால் கல்லினுடைய. 'ஸ்டானஸ்' என்றால் கற்கள். 'ஸ்டானா' என்றால் கற்களினுடைய. மூன்றுக்கும் மூன்று வால்கள். போதாக்குறைக்கு எல்லாச் சொற்களுக்கும் இதே வால்கள் அல்ல. ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்று சொற்களைப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறு வேறு வேற்றுமை உருபுகள் வைத்திருந்தார்கள்.

பிறகு வால்கள் தேய ஆரம்பித்தன. சொல்லின் முதல் அசையை அழுத்திச் சொல்லிக் கடைசி அசையை விழுங்குவது அவர்களுடைய நாக்கின் சுபாவம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசாங்கக் காரியமும் பெரிய மனிதர்களின் பேச்சும் பிரெஞ்சுக்குப் போய்விட்டன. இங்கிலீஷ் குடியானவர்களின் வாயில் தன் இஷ்டப்படி வளர்ந்தது. இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் பலவகை வால்களும் உதிர்ந்து, பெரும்பாலான சொற்களுக்குப் பன்மைக்கும் எஸ், உடைமைக்கும் எஸ், பன்மையின் உடைமைக்கும் எஸ் என்று ஒரே உருபு மிஞ்சியது. ஒரே வேஷ்டியை மூன்று சகோதரர்கள் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்வது போல. பேச்சில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. எதிரே இருப்பவனைக் கேட்டால் ஒருவனா, பலரா என்று சொல்லிவிடுவான். எழுத்து அப்படி அல்ல. எழுதியவன் பக்கத்தில் இருப்பதில்லை.

கொக்கி இந்தக் குறையைத் தீர்ப்பதற்காக வந்தது என்று நினைத்தால் தவறு. அது வேறு வேலைக்கு வந்த ஆள். கிரேக்க மொழியில் விடுபட்ட எழுத்தைக் காட்டுவதற்கு இருந்த அடையாளம் அது. பாரிஸில் ஜெப்ரி தோரி என்ற அச்சுக்கலைஞர் 1529இல் வெளியிட்ட நூலில் அதைப் பிரெஞ்சு மொழிக்கும் சிபாரிசு செய்தார். அதே நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் அச்சுக்கூடங்களிலும் கொக்கி நுழைந்தது. அங்கேயும் முதலில் விடுபட்ட எழுத்தின் இடத்தில் நிற்பதுதான் அதன் உத்தியோகம். 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியில் உடைமையைக் காட்டக் கொக்கி வருவது அபூர்வம். இன்று நாம் வாங்கும் பதிப்புகளில் காணும் அந்தக் கொக்கிகளில் பெரும்பாலானவை பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் போட்டவை. எஸ்ஸோடு முடியும் ஒரு சொல்லைப் பார்த்து, இங்கே ஒருவனா, பலரா என்று கவியின் சார்பில் அவர்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

உடைமைக்குக் கொக்கி வந்ததில் ஒரு வேடிக்கையான தப்பெண்ணத்துக்கும் பங்கு உண்டு. 'ராமனுடைய புத்தகம்' என்பதை அந்நாளில் பலர் 'ராமன் அவன் புத்தகம்' என்கிற ரீதியில் எழுதிவந்தார்கள். 'அவனுடைய' என்று பொருள்படும் 'ஹிஸ்' என்ற சொல்லே தேய்ந்து எஸ் ஆகிவிட்டது, ஆகவே விடுபட்ட எழுத்துகளுக்காகக் கொக்கி போட வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். பென் ஜான்சன் என்ற நாடகாசிரியர் செஜானஸின் வீழ்ச்சியைப் பற்றி எழுதி 1605இல் அச்சிட்ட நாடகத்தின் தலைப்பே 'செஜானஸ் அவன் வீழ்ச்சி' என்கிற பாணியில் அமைந்தது. அதே ஜான்சன் எழுதி, அவர் காலமான பிறகு 1640இல் வெளியான இலக்கண நூலில், இந்த 'ஹிஸ்' பிரயோகத்தை ராட்சசத்தனம் என்று கண்டித்திருக்கிறார்! நாடகக்காரருக்கு ஒரு நியாயம், இலக்கணக்காரருக்கு ஒரு நியாயம் போலும். நாவலாசிரியனாகிய நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

தப்பெண்ணம் லேசில் சாகவில்லை. 1711இல் அடிசன் தம்முடைய 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் இந்த எஸ் முன்னோர்களின் 'ஹிஸ்', 'ஹெர்' என்ற சொற்களின் பிரதிநிதி என்று எழுதினார். 'ஹெர்' எப்படி எஸ் ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. 1755இல் தம் பேரகராதிக்கு முன்னுரையாக ஓர் இலக்கணம் எழுதிச் சேர்த்த டாக்டர் சாமுவேல் ஜான்சன் இந்தக் கட்டுக்கதையை உடைத்தார். பெண்ணின் அழகு என்று எழுதும்போதும் அதே எஸ்தானே வருகிறது, பெண்ணுக்கு 'அவன்' எங்கிருந்து வருவான் என்று கேட்டார். பெண்கள் என்ற பன்மைச் சொல்லுக்கும் அதே கேள்விதான். எஸ் பழைய வேற்றுமை உருபின் மிச்சம் என்று ஸ்தாபித்தார். ஆனால் காரணம் பொய் என்று தெரிந்த பிறகும் கொக்கியை யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி உறவினன் அல்ல என்று தெரிந்தாலும், பழகிவிட்ட பிறகு போகச் சொல்ல முடிவதில்லை அல்லவா?

பன்மையின் கதை இன்னும் வேடிக்கை. ஒருமையிலாவது 'ஸ்டானெஸ்' என்ற பழைய உருபின் நடுவே இருந்த உயிரெழுத்து ஒன்று விடுபட்டது என்று சமாதானம் சொல்லலாம். பன்மையில் எஸ்ஸுக்குப் பிறகு எதுவும் விடுபடவில்லை. எதுவும் விடுபடாத இடத்தில் விடுபட்டதைக் காட்டும் குறி எதற்கு என்று 18ஆம் நூற்றாண்டில் கேட்டவர்கள் இருந்தார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் எழுதுகிறவர்களுக்கு ஒருவனையும் பலரையும் பிரித்துக் காட்டியாக வேண்டிய அவசியம் இருந்தது. அந்த நூற்றாண்டின் கடைசியில் அவசியம் ஜயித்தது.

அதை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் லிண்ட்லி மர்ரே. அமெரிக்காவில் பிறந்து, நியூயார்க்கில் வக்கீலாக இருந்து, 1784இல் இங்கிலாந்துக்கு வந்து யார்க் நகரத்துக்கு அருகே குடியேறியவர். தேக பலம் குறைந்து, நடமாட முடியாமல் நாற்காலியிலேயே காலம் கழித்தவர். யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்காக அவர் எழுதிய இலக்கணப் புத்தகம் 1795இல் வெளிவந்தது. பன்மைச் சொல் எஸ்ஸில் முடிந்தால் இன்னொரு எஸ் வேண்டாம், கொக்கி மட்டும் போதும் என்று அதில் தெளிவாக விதித்தார். கழுகுகளின் சிறகுகளையும் துணி வியாபாரிகளின் சங்கத்தையும் உதாரணம் காட்டினார். அந்தப் புத்தகம் பதிப்புமேல் பதிப்பாக இரண்டு கண்டங்களிலும் பரவியது. என் அரை மார்க்கைப் பறித்த விதியைப் பள்ளிக்கூடங்களில் நாட்டியவர்களில், நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாத அந்த மனிதரும் ஒருவர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

விதி பிறந்ததும் அது பழைய கட்டடங்களின் மேலும் போய் உட்கார்ந்தது. ஆக்ஸ்போர்டில் ஒரு ராணியின் பெயரால் ஒரு கல்லூரி இருக்கிறது, கேம்பிரிட்ஜிலும் இருக்கிறது. பெயரை உச்சரித்தால் இரண்டும் 'குவீன்ஸ்' தான். ஆக்ஸ்போர்டு கல்லூரி 1341இல் மூன்றாம் எட்வர்டின் மனைவி பிலிப்பா ராணியின் கௌரவத்துக்காக ஏற்பட்டது. ஒரே ராணி, ஆகவே கொக்கி எஸ்ஸுக்கு முன்னால். கேம்பிரிட்ஜ் கல்லூரியை 1448இல் ஸ்தாபித்தவள் ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட். பிறகு 1465இல் அதற்குப் புத்துயிர் கொடுத்தவள் நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் உட்வில். இரண்டு ராணிகள், ஆகவே கொக்கி எஸ்ஸுக்குப் பின்னால்.

இந்த இரண்டு ராணிகளும் யார்? ரோஜாப் போர்கள் என்று சரித்திரம் சொல்லும் தாயாதிச் சண்டையில் எதிர் எதிர்ப் பக்கத்தில் நின்றவர்கள். ஒருத்தியின் புருஷனைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கியவன் மற்றவளின் புருஷன். 1471இல் ட்யூக்ஸ்பரியில் மார்கரெட்டின் ஒரே மகன் மாண்டதும் அந்தப் பகையில்தான். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு கூரையின் கீழ் அமர முடியாத இரண்டு பெண்களைப் பிற்காலத்தார் ஒரு கொக்கியின் கீழ் அமர்த்திவிட்டார்கள். அதை ஓர் எழுத்து இடப்பக்கம் தள்ளிப் போட்டால், இருவரில் ஒருத்தி கல்லூரியை இழந்துவிடுவாள். யார் என்பதுதான் தெரியாது.

கொக்கியே வேண்டாம் என்று விட்டவர்களும் இருக்கிறார்கள். லண்டன் பாதாள ரயிலில் பிக்கடில்லி பாதையில் போனால் ஏர்ல்ஸ் கோர்ட், பேரன்ஸ் கோர்ட் என்று அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள். முதலாவதற்குக் கொக்கி உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. அமெரிக்க அரசாங்கம் 1890இல் ஊர்ப் பெயர்களைக் கவனிக்க ஒரு சபையை ஏற்படுத்தியது. கொக்கி போட்டால் ஊர் ஏதோ தனி மனிதனின் சொத்து என்று படும் என்பதால், அது பெயர்களில் கொக்கியை அனுமதிப்பதில்லை. 1933இல் மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவுக்குச் சலுகை கொடுத்தது. அது முதல் விலக்கு. அதன் பிறகு கிடைத்த சலுகைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 2012இல் லண்டன் புத்தகக் கடைக்காரர்களான வாட்டர்ஸ்டோன்ஸ் தங்கள் பெயரிலிருந்து கொக்கியைக் கழற்றிவிட்டார்கள். புத்தகக் கடையே இப்படிச் செய்யலாமா என்று இலக்கணப் பிரியர்கள் வருத்தப்பட்டார்கள்.

கடைப் பலகையில் கொக்கி போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் எல்லா இடமும் கடைப் பலகை அல்ல. 2020இல் ஆஸ்திரேலியாவில் வீடு, மனைத் தரகர் ஒருவரைப் பற்றி, முன்பு அவரிடம் வேலை பார்த்த ஒருவர் பேஸ்புக்கில் எழுதினார். கோடிக்கணக்கில் வீடு விற்கிறவர் ஊழியரின் ஓய்வூதியப் பணத்தைக் கட்டவில்லை என்பது புகாரின் சாரம். 'எம்ப்ளாயீஸ்' என்ற சொல்லில் கொக்கி விட்டுப்போயிற்று. தரகர் அவதூறு வழக்குப் போட்டார். நான் ஒரு ஊழியரைத்தான் சொன்னேன் என்றார் எழுதியவர். 2021இல் நியூ சவுத் வேல்ஸ் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட மறுத்தது. ஒரு ஊழியருக்குப் பணம் கட்டாமல் விட்டது தவறுதலாக இருக்கலாம். பல ஊழியர்களுக்கு என்றால் அது வழக்கமாகச் செய்கிற காரியம் என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடும் என்பது நீதிபதியின் கருத்து. எனக்கு அரை மார்க்கோடு போயிற்று.

இதுவரை சொன்னவற்றில் கொக்கியைத் தவறாகப் போட்டவர்களும் மறந்தவர்களும் வந்தார்கள். தெரிந்தே அதை இடம் மாற்றி, அதற்காகவே வாழ்ந்த ஒரு பெண்ணின் கதை இருக்கிறது.

அமெரிக்காவில், இன்று மேற்கு வர்ஜீனியா என்று சொல்லப்படும் மலைப் பிரதேசத்தில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற தாய் இருந்தாள். அவள் பெற்ற குழந்தைகளில் நால்வர்தான் வளர்ந்து ஆளானார்கள். மற்றவர்களை நோய் கொண்டுபோய்விட்டது. அவள் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. 1858 வாக்கில் அக்கம்பக்கத்துத் தாய்மார்களைச் சேர்த்து, குழந்தைகளின் சாவைக் குறைக்கச் சுகாதாரப் பணி செய்யும் சங்கங்களை ஏற்படுத்தினாள். உள்நாட்டுப் போர் மூண்டபோது அந்தத் தாய்மார்கள் இரண்டு படைகளின் சிப்பாய்களுக்கும் பேதம் பாராமல் சிசுருஷை செய்தார்கள். அந்தச் சங்கங்களின் பெயரில் தாய் என்ற சொல்லைப் பன்மையாகவே எழுதுகிறார்கள்; கொக்கி எஸ்ஸுக்குப் பின்னால். பலர் கூடிச் செய்த காரியம் அல்லவா?

1905இல் அவள் இறந்தாள். மகள் அன்னா ஜார்விஸ் தாயின் நினைவாக ஒரு நாளைக் கொண்டாட வேண்டும் என்று புறப்பட்டாள். 1908 மே 10ஆம் தேதி கிராப்டன் என்ற ஊரின் மாதா கோவிலில் முதல் ஆராதனை நடந்தது. தாய்க்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் மலர்களில் 500 அனுப்பிவைத்தாள் மகள். கடிதமாக எழுதித் தள்ளினாள். 1914இல் ஜனாதிபதி வில்சன் மே மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை அந்த நாளாக அறிவித்தார். அதில் கொக்கி எஸ்ஸுக்கு முன்னால் இருந்தது. அன்னா அதில் கண்டிப்பாக இருந்தாள். அது உலகத்துத் தாய்மார்களுக்கெல்லாம் மொத்தமாகக் கும்பிடு போடும் நாள் அல்ல. ஒவ்வொருவரும் தன்னைப் பெற்ற ஒருத்தியை நினைக்கும் நாள் என்பது அவள் கட்சி. 1912இலேயே கொக்கி உள்பட அந்தப் பெயரைப் பதிவு செய்துவைத்துக்கொண்டாள்.

கொக்கி அவள் சொன்ன இடத்தில் நின்றது. மற்ற எதுவும் நிற்கவில்லை. பூக்கடைக்காரரும் மிட்டாய்க்காரரும் வாழ்த்து அட்டைக்காரரும் அந்த நாளை எடுத்துக்கொண்டார்கள். அன்னா அவர்களோடு போராடினாள், வழக்காடினாள், 1925இல் பிலடெல்பியாவில் ஒரு கூட்டத்தில் கார்னேஷன் விற்பதை எதிர்த்துக் கலகம் செய்தாள் என்று போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். கையிலிருந்த பணமெல்லாம் கரைந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத, தாயாகாத அந்தப் பெண் 1948இல் ஓர் ஆரோக்கிய விடுதியில் கண்ணை மூடினாள்.

மகளின் அன்பைச் சந்தேகிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் தாய் வைத்த இடம் ஒன்று, மகள் வைத்த இடம் ஒன்று என்று பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது. பின்னால் இருந்த கொக்கியில் ஊர்க் குழந்தைகளைக் காப்பாற்றக் கூடிய பெண்கள் பலர் இருந்தார்கள். முன்னால் வந்த கொக்கியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருத்திதான் இருந்தாள். அவளுக்கு ஒரு பூங்கொத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று வியாபாரிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நாம் அந்த நாளைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். 'அன்னையர் தினம்' என்கிறோம். கொக்கியும் இல்லை, எஸ்ஸும் இல்லை. ஆனால் 'அன்னையர்' பன்மை. அன்னா ஜார்விஸ் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். அவளுடைய தாயார் கேட்டிருந்தால் சிரித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிராக, ஒருவரின் நாள் பலருடைய நாளாக மாறியதும் உண்டு. திருத்தணியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் சொல்லி, 1962இல் நாட்டின் ஜனாதிபதியான ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் செப்டம்பர் 5. அதைக் கொண்டாட அனுமதி கேட்டு வந்தவர்களிடம், என் பெயரில் வேண்டாம், ஆசிரியர்கள் எல்லாருக்குமாகக் கொண்டாடுங்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு முதல் அது ஆசிரியர் தினம். இலக்கணமாக இங்கிலீஷில் எழுதினால் கொக்கி எஸ்ஸுக்குப் பின்னால். தமிழிலோ 'ஆசிரியர்' என்பது மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். நம் மொழியில் மரியாதை கொடுத்தாலே ஒருவர் பலராகிவிடுகிறார்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5ஆம் தேதி பத்திரிகைகளில் வரும் இங்கிலீஷ் வாழ்த்துகளைப் பார்க்கிறேன். கொக்கி சிலவற்றில் முன்னால் இருக்கிறது, சிலவற்றில் பின்னால் இருக்கிறது, பலவற்றில் இல்லவே இல்லை. கை தானாகச் சிவப்பு மையைத் தேடுகிறது. எஸ்ஸுக்கு முன்னால் போட்டுவிட்டீர்களே, ஐயா, மற்ற வாத்தியார்களெல்லாம் என்ன செய்வார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வாத்தியார் அந்த மற்றவர்களில் ஒருவர். அவருக்கு மாலை போட்டவர்கள் கிடையாது. குளத்தில் குளித்துக்கொண்டிருந்த, முகம் தெரியாத இரண்டு பையன்களின் பைகள் அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று அரை மார்க்கைக் கழித்தவர் அவர்.